தைப்பட்டத்துக்கு முன் நான்கு கணக்கு

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுத் தோட்டத்துக்கு அதைப் போலவே இன்னொரு பட்டமும் உண்டு. அது தைப்பட்டம். நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. அந்த ஈரம் மண்ணில் இருக்கும்போதே விதைத்து, மாசி முதல் சித்திரை வரை காய் பறிப்பதுதான் தைப்பட்டம். இதில் ஒரு சிக்கல் உண்டு. விதைத்த பிறகு மழை குறைந்துகொண்டே போகும், வெயில் ஏறிக்கொண்டே போகும். ஆடியில் வானத்தை நம்பி விதைக்கிறோம். தையில் குடத்தை நம்பித்தான் விதைக்கிறோம். அதனால் தைப்பட்டத்துத் தோட்டத்தை மார்கழியிலேயே கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. சென்ற ஆண்டு தோற்றுப் போய்க் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண். சென்ற ஆண்டு சர்வேயிங் படித்த உற்சாகத்தில் வீட்டின் பின்புறம் டேப் பிடித்துச் சரியாக ஒரு சென்ட் அளந்தேன். மார்கழி மழை விட்ட மறுநாளே மண்வெட்டி எடுத்துக் கொத்தினேன். பக்கத்து வீட்டுத் தொழுவத்திலிருந்து பச்சைச் சாணத்தை அள்ளி வந்து போட்டேன். தை பிறந்ததும் வெண்டை, கத்தரி விதைத்து, ஒரு பந்தல் போட்டு அவரையும் ஊன்றினேன். நான் காலையில் காலேஜ் பஸ்ஸுக்குப் போய்விடுவேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனது அம்மாதான்.

பங்குனியில் வெண்டை காய்ந்தது. கத்தரி நாற்று கட்டியாகிப்போன மண்ணில் வேர்விடவே இல்லை. அவரை மட்டும் பந்தல் முழுக்கப் பச்சைப் பசேலென்று படர்ந்தது, ஆனால் ஒரு பூகூட வைக்கவில்லை. ஆச்சி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆடியில போட வேண்டியத தையில போட்டா எலையத்தாம்ல திங்கணும்." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் கொடியை அறுத்து ஆட்டுக்குப் போட்டோம். அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கணக்கில் எங்கே தப்பு என்று பார்த்தேன். நான்கு இடத்தில் தப்பு இருந்தது.

1. நாள் கணக்கு

முதல் தப்பு அவரை. பழைய நாட்டுப் பந்தல் அவரை பகல் குறைந்து இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐந்தாறு மாதம் படர்ந்து, கார்த்திகை, மார்கழியில் பூத்து, பொங்கலுக்குக் காய் கொடுக்கும். தையில் ஊன்றினால் அதற்கு நேர்மாறு. தை முதல் ஆனி வரை பகல் நீண்டுகொண்டே போகிறது. செடி பூக்கும் நேரம் வரவில்லை என்று எண்ணி இலையை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். நம் தென்பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தை நாம் கவனிப்பதில்லை, அவரை கவனிக்கிறது. பட்டம் என்று பெரியவர்கள் சொன்னதில் மழை மட்டும் இல்லை, பகல் நீளமும் அடங்கியிருக்கிறது.

பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்கள் உண்டு. அவற்றை எப்போதும் போடலாம். தைப்பட்டத்துக்கு வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், பாகல், சுரை, புடலை, கீரை ஆகியவை பொருந்தும். பந்தல் அவரையை ஆடிக்கு விட்டுவிடுங்கள்.

2. நீர்க் கணக்கு

நான்கு கணக்கில் முக்கியமானது இதுதான். மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால் அது சரியாக 1 லிட்டர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், தோட்டத்துக்கு எஸ்டிமேட் போட்டுவிடலாம்.

வெயில் காலத்தில், நன்கு வளர்ந்த காய்கறிச் செடியும் அதன் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 மி.மீ. தண்ணீரை ஆவியாக விடுகின்றன. அதை நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 6 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். நாளொன்றுக்கு 40.47 × 6 = 243 லிட்டர். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தை லிட்டர் படியால் அளந்து பார்த்தேன். 14 லிட்டர் பிடித்தது. அப்படியானால் நான் அளந்து கொடுத்த ஒரு சென்ட்டுக்கு அம்மா தினமும் 17 குடத்துக்கு மேல் சுமந்திருக்க வேண்டும்! அவரால் முடிந்தது ஏழோ எட்டோ. பாதித் தண்ணீரை முழு நிலத்துக்கும் பகிர்ந்து ஊற்றினால் எந்தச் செடிக்கும் போதாது. நிலம் இருக்கிறதே என்று அளந்தேன், தண்ணீர் இருக்கிறதா என்று அளக்கவில்லை. டேப்பை எடுக்கும் முன்பு குடத்தை எடுத்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். "அம்மா, தினமும் எத்தனை குடம் சிரமம் இல்லாம ஊத்த முடியும்?" என்று கேட்டேன். "மூணு" என்றார். அரிசி, காய்கறி கழுவும் தண்ணீரையும் பாத்திரம் அலசும் தண்ணீரையும் வாளியில் சேர்த்து அளந்ததில் இன்னும் ஒரு குடம் தேறியது. ஆக மொத்தம் 4 குடம், 56 லிட்டர். 56-ஐ 6-ஆல் வகுத்தால் 9.3 சதுர மீட்டர். அதாவது 10 அடிக்கு 10 அடி. எங்கள் தோட்டத்தின் அளவு அவ்வளவுதான். ஒரு சென்ட்டில் கால் பங்குகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. சோப்புத்தூள் கரைத்துத் துணி துவைத்த தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்கு விடாதீர்கள். அதில் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் கலைத்துவிடும். மண் நீரை உறிஞ்சாமல் இறுகிப் போகும். கரிசலில் இந்தக் கேடு சீக்கிரமே தெரியும். குளிக்கும் தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பிவிடலாம்.

3. மண் கணக்கு

சென்ற ஆண்டு நான் கொத்திய மண் செங்கல்போலக் கட்டியானது ஏன்? ஈரம் மிகுந்திருந்தபோது கொத்தியதால். களிமண்ணை ஈரத்தில் மிதித்துக் கொத்தினால் துளைகள் அடைபட்டு, காய்ந்ததும் பாறையாகிவிடும். எப்போது கொத்தலாம் என்பதற்கு நம் மண் லேபிலேயே விடை இருக்கிறது. பிளாஸ்டிக் லிமிட் சோதனை நினைவிருக்கிறதா? மண்ணைக் கண்ணாடித் தட்டின் மேல் உருட்டி 3 மி.மீ. தடிமனுள்ள கயிறாகத் திரிப்போமே, அதுதான்.

தோட்டத்திலும் அதையே செய்யுங்கள். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. கயிறாக உடையாமல் வந்தால் இன்னும் ஈரம் அதிகம், மண்வெட்டியைத் தொடாதீர்கள். கயிறாகும் முன்பே பொலபொலவென்று உடைந்தால் அதுதான் பதம். லேபில் மார்க்குக்காகச் செய்த சோதனை வீட்டில் ஒரு பாத்தியைக் காப்பாற்றும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. இந்த முறை மழை விட்டபின் தினமும் மாலையில் உருட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள்தான் பதம் வந்தது.

அடுத்தது எரு. பச்சைச் சாணம் போட்டால் அது மக்கும்போது வெப்பம் உண்டாகி இளவேரைத் தாக்கும். கரையானும் வெள்ளைப் புழுவும் வரும். நன்கு மக்கி, மண்வாசனை அடிக்கும் தொழுவுரம்தான் வேண்டும். ஏக்கருக்கு 10 டன் என்ற அளவைச் சதுர மீட்டருக்கு மாற்றினால் ஏறக்குறைய 2.5 கிலோ வரும். எங்கள் பாத்திக்கு 23 கிலோ போட்டேன்.

கடைசியாக மூடாக்கு. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே ஊற்றிய தண்ணீர் வேருக்குக் கிடைக்காமல் கீழே போய்விடும். செடி ஒரு சாண் வளர்ந்ததும் சுற்றிலும் காய்ந்த சருகு, வைக்கோல், நிலக்கடலைத் தோல், எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் பரப்ப வேண்டாம்.

4. விதைக் கணக்கு

விதை முளைக்குமா என்று மண்ணில் போட்டுப் பார்ப்பது தாமதமான சோதனை. முளைக்காவிட்டால் பத்து நாள் பட்டம் போய்விடும். மார்கழியிலேயே 20 விதையை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டை என்றால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். சான்று விதையில் வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம். அதாவது 20-க்கு 13. அதற்குக் கீழே வந்தால் வேறு விதை தேடுங்கள். கடையில் வாங்கும் பாக்கெட்டில் விலையை மட்டும் பார்க்காமல், சோதித்த நாளும் காலாவதி நாளும் பாருங்கள்.

ஆச்சி சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் வைத்திருந்த வெண்டை விதையில் 20-க்கு 15 முளைத்தது. முக்கால் பங்கு. ஒரு விதை முளைக்காமல் போகும் வாய்ப்பு 1/4. ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டால் இரண்டுமே முளைக்காமல் போகும் வாய்ப்பு 1/4 × 1/4 = 1/16. ஆக 16 குழி போட்டால் சராசரியாக ஒரு குழிதான் பொய்க்கும். இரண்டும் முளைத்த குழியில் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். வீட்டு விதை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீரிய ஒட்டுரகச் செடியிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வராது. நாட்டு விதையை மட்டும் எடுத்து வையுங்கள்.

எங்கள் பாத்தியின் பிளான்

10 அடிக்கு 10 அடியில், நடுவே நடப்பதற்கு ஒரு அடி வழி விட்டு, வெண்டை 16 குழி (45 × 30 செ.மீ.), கத்தரி 6 (60 × 60 செ.மீ.), மிளகாய் 8 (45 × 45 செ.மீ.), கொத்தவரை 20 (45 × 15 செ.மீ.), மிச்சம் ஒரு சதுர மீட்டரில் கீரை. பாத்திக்கு வெளியே, குளிக்கும் தண்ணீர் போகும் வாழையடியில் ஒரே ஒரு பாகல். அதைக் கூரை மேல் ஏற்றிவிட்டோம்.

நாள் வரிசை இது. மார்கழி 1-ல் மிளகாய் நாற்று, மார்கழி 10-ல் கத்தரி நாற்று. இரண்டையும் உடைந்த பானையின் அடிப்பாகத்தில் விட்டோம். மிளகாய்க்கு 40 முதல் 45 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள் வயது வேண்டும் என்பதால், இரண்டும் தை 15 வாக்கில் சேர்ந்தாற்போல் நடவுக்கு வந்தன. மார்கழிக் கடைசியில் பதம் பார்த்துக் கொத்தி எரு போட்டோம். பொங்கல் முடிந்து தை 5-ல் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினோம். வெண்டை விதையை முதல்நாள் இரவு ஊறவைத்தோம்.

இதை எழுதும்போது மாசி கடைசி. 16 குழியில் 15 குழி முளைத்து, வெண்டை இரண்டு தடவை பறித்தாயிற்று. கத்தரி பூ வைத்திருக்கிறது. இனி பங்குனியும் சித்திரையும்தான் உண்மையான பரீட்சை. பாஸா ஃபெயிலா என்று அடுத்த ஆண்டுதான் சொல்ல முடியும். ஆனால் அம்மா காலையில் சுமக்கும் குடம் மூன்றுக்கு மேல் போகவில்லை. எனக்கு அதுதான் முதல் மார்க்.

நண்பர்களே, நம்மில் பலருடைய வீட்டில் படித்த முதல் ஆள் நாம்தான். டேப், லெவல், கால்குலேட்டர் எல்லாம் காலேஜ் வேலைக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டில் யார் முதுகில் என்ன சுமை இருக்கிறது என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். அதே சமயம் ஆச்சியைப் போன்றவர்களிடம் அளவில்லாமல் கிடக்கும் அறிவைக் கேட்டு நம் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு கோடைக்காலம் முழுக்க அந்த அவரைக்கொடிக்கு அம்மா தண்ணீர் சுமந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த மார்கழியில் உங்கள் வீட்டுக் குடத்தை முதலில் அளந்து பாருங்கள். நிலத்தைப் பிறகு அளக்கலாம்.