சோதனைக் குழியும் கற்கால மனிதனும்

கிணறு வெட்டும்போது மண் ஒரே தன்மையாக இராமல் அடுக்கடுக்காக மாறி வருவதை நம் குடியானவர்கள் நன்கு அறிவர். புதைபொருள் ஆராய்ச்சியாளர் சோதனைக் குழி தோண்டுவதும் இவ்வடுக்குகளைப் படித்தறிவதற்கேயாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1863ஆம் ஆண்டு மே மாதம் பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த நிலவியலறிஞர் இராபர்ட் புரூஸ் பூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பாருடன் இவ்வூர் ஓடைப் பக்கம் பல கருவிகளைக் கண்டார். இருபுறமும் செதுக்கிக் கூராக்கிய கைக்கோடரிகள் அவற்றுள் சிறந்தவை. கல் கிடைத்ததேயன்றி அதன் வயது கிடைக்கவில்லை. மழைநீர் அரித்துத் தள்ளிய கல் எந்த அடுக்கினது என்று எவரால் கூற இயலும்?

1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கே குழிகள் வெட்டி ஆராய்ந்தனர். இவ்வேலைக்கு மண்வெட்டியின் வேகம் உதவாது. அளந்து கயிறு கட்டிய இடத்தில் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி, ஒவ்வொரு கருவியும் கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறிக்க வேண்டும். குழியின் சுவரைச் செங்குத்தாகச் சீவி, அடுக்குகளை வரைந்துகொள்ள வேண்டும்.

அடியிலுள்ள களிமண் படிவம் மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உண்டானதென்று முன்னையோர் கருதியிருந்தனர். குழி அக்கருத்தை மாற்றிவிட்டது. அக்களிமண்ணுக்குள்ளேயே கைக்கோடரிகள் இருந்தன! விலங்குகளின் பற்களும் குளம்புச் சுவடுகளுங்கூடக் கிடைத்தன.

வயதைக் கணித்த முறை வியப்புக்குரியது. நிலத்தின்மேல் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு, அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்தபின் அவை புதிதாய் உண்டாவது பெரிதும் நின்று, இருந்தவை வெவ்வேறு வேகத்தில் அழிகின்றன. எஞ்சிய அளவுகளை ஒப்பிட்டால் கல் புதைந்த காலம் புலப்படும். இவ்வாறு 2011இல் வெளிவந்த முடிவு, ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்பதாகும். மேலடுக்குகளில் கைக்கோடரி அருகி, வேறு வகைச் செதிற்கருவிகள் பெருகுகின்றன. அம்மாற்றம் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதென 2018இல் அறிவித்தனர்.

ஓடைக்கரையில் சரளை அள்ளுவோர் ஒரு வண்டி மண்ணோடு இந்த அடுக்குகளையும் அள்ளிவிடக் கூடும். செதுக்கிய கல் தென்பட்டால் அதைப் பெயர்க்காமல், தோண்டுவதை நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். கல்லை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பதால் பயன் குறைவே.