உக்கிராணக்காரரின் கணக்கு

கேள்வி: ஜெர்மனியில் சம்பளத்திலேயே திருச்சபை வரி பிடிக்கப்படும்போது, தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் தசமபாகத்தையும் தனியே கொடுக்க வேண்டுமா? உறவினர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் நிற்பது அன்பின் கடமையா?

பதில்: பிறருடைய பண்டசாலையைக் காத்து, அதற்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவரைத் தமிழ் வேதாகமம் உக்கிராணக்காரர் என்கிறது. குடும்பப் பணத்தையும் இப்பொறுப்போடு கையாள்வதே உக்கிராணத்துவம் என்பதால், கடவுளுக்கு ஒரு பங்கு, மீதி நமக்கு என்று பிரிப்பதோடு கேள்வி முடிவதில்லை.

1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பிலிருந்து 1949-இல் அடிப்படைச் சட்டத்துக்கு வந்து சேர்ந்த திருச்சபை வரி, சம்பளத்தின் மீதன்று, வருமான வரியின் மீதே கணக்கிடப்படுகிறது. பவேரியா, பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலங்களில் 8 விழுக்காடு, ஏனையவற்றில் 9 விழுக்காடு. மாதம் 400 யூரோ வருமான வரி செலுத்துபவரிடம் 32 அல்லது 36 யூரோவே பிடிக்கப்படுவதால், வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகத்துக்கு இது ஈடாகாது. ஆயினும் இதுவும் சபைக்குச் செல்லும் பணமே. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் விழுக்காட்டை விதிக்காமல் மனவிருப்பத்தையே கேட்பதால், வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் காணிக்கையாகக் கொடுக்கும் குடும்பத்தைக் குறைகூற இடமில்லை. கடன் வாங்கிக் காணிக்கை செலுத்துவதுதான் தவறு.

ஜாமீன் இதைவிடக் கடினமானது. வணிகத்தையும் வட்டியையும் பற்றி 1524-இல் எழுதிய நூலில் மார்ட்டின் லூதர் பிணை நிற்பதைக் கடுமையாகக் கண்டித்தார். நாளைய நாள் தன் கையில் இல்லாத மனிதன் பிறருடைய நாளைக்கு உறுதி சொல்வது, கடவுளின் இடத்தில் தன்னை வைப்பதாகும் என்பது அவருடைய கருத்து. இன்றைய ஜெர்மன் வங்கிகளின் பிணை ஒப்பந்தங்களோ பெரும்பாலும் கடனாளியை விட்டுவிட்டு நேரே பிணையாளியிடமே பணம் கேட்க இடமளிப்பவை.

இதற்கு எதிரானதாகத் தோன்றும் சான்றும் அதே நாட்டில் உண்டு. 1846–47 குளிர்காலப் பஞ்சத்தில் வையர்புஷ் ஊரின் மேயராக ஏழைகளுக்குக் கடனாக ரொட்டி கிடைக்கச் செய்த பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், 1864-இல் ஹெடெஸ்டோர்ஃபில் தொடங்கிய கடன் சங்கத்தில் உறுப்பினர் அனைவரையும் ஒருவர் கடனுக்கு ஒருவர் பொறுப்பாக்கினார். கிறிஸ்தவ அன்பே அதன் வேர். ஆனால் சங்கம் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டாரத்துக்குள் அடங்கியது. கடன் எதற்கு, எப்படித் திரும்பும் என்று முன்கூட்டியே ஆராயப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1895, 1897 ஆண்டுகளில் அறிக்கை அளித்த பிரெடரிக் நிக்கல்சன் நம் உழவர்களுக்குப் பரிந்துரைத்ததும் இவ்வழியையே. உறவு என்ற ஒரே காரணத்துக்காக, வாழ்க்கைத் துணைக்கும் தெரியாமல் இடும் கையெழுத்தில் இந்த ஆராய்வு எதுவும் இல்லை. திரும்பி வராவிட்டாலும் கொடையாக விட்டுவிடக்கூடிய தொகைக்கு மேல், இருவரும் ஒப்பாமல், பிணை நிற்கலாகாது.

ஏற்கெனவே கடனில் மூழ்கிய குடும்பத்துக்குக் கத்தோலிக்கரின் கரித்தாஸ், சீர்திருத்தச் சபையின் டியாகோனி ஆகியவை கட்டணமின்றிக் கடன் ஆலோசனை வழங்குகின்றன. 2020 அக்டோபர் முதல் விண்ணப்பிக்கும் தனிநபர் நொடிப்பு வழக்குகளில் மூன்று ஆண்டுகளில் எஞ்சிய கடனிலிருந்து விடுதலை பெற முடியும் என்பதால், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பிரிக்காமல் வைத்த கடன் கடிதங்கள் ஆகிய அனைத்தையும் முதல் சந்திப்புக்கே எடுத்துச் செல்வது நல்லது.