மரத்துப்போன உதடும் லேசர் ஒளியும்

சொத்தைப் பல்லை அடைக்க அரை மணி நேரம் போதும். ஆனா அதுக்குப் போட்ட ஊசியால உதடு மூணு மணி நேரமாவது மரத்துக் கிடக்கும். பெரியவங்களுக்கு இது தொந்தரவு மட்டும்தான். குழந்தைகள் வலி தெரியாம உதட்டையும் கன்னத்தையும் கடிச்சுப் புண்ணாக்கிக்கிறாங்க. 2000-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கீழ்த்தாடையில் ஊசி போட்ட குழந்தைகளில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இப்படிக் காயம் ஆகியிருந்தது. இந்த மரப்பை ஒளியால் சீக்கிரம் போக்க முடியுமா?

மரப்பு ஏன் நீடிக்குது?

லிடோகெய்ன் நரம்பில் உள்ள சோடியம் சேனல்களை அடைக்குது. சோடியம் உள்ளே போகலைன்னா சிக்னல் ஓடாது. மருந்தை அங்கிருந்து எடுத்துட்டுப் போறது ரத்த ஓட்டம். அது மெதுவா நடக்கணும்னுதான் ரத்தக் குழாயைச் சுருக்கும் எபினெஃப்ரினையும் கலக்கறாங்க. அப்போ, சிகிச்சை முடிஞ்சதும் ரத்த ஓட்டத்தைக் கூட்டினா மரப்பு சீக்கிரம் போகணும். 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபென்டோலமைன் மருந்து இதைத்தான் செய்யுது. ஆனா அதுவும் இன்னொரு ஊசி!

ஒளி என்ன செய்யும்?

இந்த முறைக்குப் பேர் ஃபோட்டோபயோமாடுலேஷன். சுமார் 600 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான ஒளியை ரத்தமும் தண்ணீரும் குறைவாவே உறிஞ்சும். அதனால் அது திசுவுக்குள்ளே கொஞ்சம் ஆழமாப் போகும். செல்லின் மைட்டோகாண்ட்ரியா அதை உறிஞ்ச, நைட்ரிக் ஆக்சைடு விடுபட்டு ரத்தக் குழாய் விரியுது என்பது பரவலான விளக்கம்.

அளவுதான் முக்கியம்

ஆற்றல் = திறன் × நேரம். 0.5 வாட் லேசரை 60 விநாடி காட்டினா 30 ஜூல். ஒளி 1 சதுர செ.மீ. பரப்பில் விழுந்தா டோஸ் 30 ஜூல்/ச.செ.மீ.; 3 சதுர செ.மீ. பரப்பில் விழுந்தா வெறும் 10. டோஸ் குறைஞ்சா பலன் இல்லை, ரொம்பக் கூடினா பலன் தலைகீழாகவும் ஆகலாம். 810 நானோமீட்டர் டயோடு லேசரையே சில வாட் திறனில், மெல்லிய ஃபைபர் முனை வழியா விட்டா ஈறை வெட்டும். அதனால் அலைநீளம் மட்டும் சொன்னா போதாது. திறன், பரப்பு, நேரம் எல்லாம் வேணும். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, கண் தானா மூடிக்காது. அதனால் குழந்தைக்கும் டாக்டருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

பலனை எப்படி அளக்கிறது?

மரப்பை அளக்க மீட்டர் கிடையாது. உதட்டை விரலால் தட்டி, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா?"ன்னு கேட்கிறாங்க. அஞ்சு வயசுக் குழந்தையோட பதிலை எவ்வளவு நம்பலாம்? தவிர, மரப்பு நேரமானா தானாவே போயிடும். அதனால் ஒரு குழுவுக்கு லேசரை ஆன் பண்ணாமலே வெச்சுக் காட்டி ஒப்பிடணும். அளக்கிறவருக்கு யார் எந்தக் குழுன்னு தெரியக் கூடாது.

சில ஆய்வுகளில் மரப்பு நேரம் குறைஞ்சிருக்கு. ஆனா அவை சின்ன ஆய்வுகள், டோஸும் ஒண்ணுக்கொண்ணு வேற. எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு டோஸ் வர்ற வரைக்கும் பழைய வழிதான்: மரப்பு போகும்வரை மென்னு சாப்பிடுற எதையும் கொடுக்காம, குழந்தையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கணும்.