சுப்ராவில் முகம் சுளிக்கும் பிள்ளைகள்



பகல் உணவு நேரம். சுப்ரா விரித்தாகிவிட்டது. வீட்டார் எல்லோரும் சுற்றி அமர்ந்து பிஸ்மி சொல்லிக் கை வைக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை மட்டும் வாயை இறுக மூடிக்கொள்கிறது. “கீரை வேண்டாம், வெறும் சோறுதான் வேண்டும்” என்கிறது. வாப்பா அதட்டுகிறார். உம்மா தொடையில் கிள்ளுகிறாள். வாப்பும்மாவோ, “எங்கள் பிள்ளைகள் இப்படியா இருந்தார்கள்?” என்று மருமகளைக் குத்திக் காட்டுகிறார். கடைசியில் கைப்பேசியைக் காட்டிப் பராக்குப் பார்க்க வைத்து நாலு வாய் திணிக்கப்படுகிறது. பரக்கத் இறங்க வேண்டிய இடத்தில் அழுகையும் ஏச்சும்!

இதற்கு நபிவழியில் தீர்வு உண்டா? உண்டு. மூன்று ஹதீஸ்களைக் கவனியுங்கள்.

முதற் பாடம்: குறை கூறாமை

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். நம் வீடுகளில் எப்படி? “இதுவும் ஒரு குழம்பா?” என்று வாப்பா முகம் சுளித்தால், அதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளையைத் திருத்துமுன் பெரியவர்கள் தங்கள் நாவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பாடம்: வற்புறுத்தாமை

அன்னை மைமூனா (ரலி) அவர்கள் இல்லத்தில் ஒருமுறை பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, ஹராம் அல்ல என்றும், தம் மக்கள் வாழும் பூமியில் அது இல்லாததால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றும் விளக்கினார்கள். காலித் (ரலி) அதை உண்டார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை.

பழகாத உணவை மனம் ஏற்காதிருப்பது குற்றமல்ல என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா? இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரள்வது குழந்தைகளின் இயல்பு. முதல் வயது நிறைந்த பின் வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறையும். இதைப் பிடிவாதம் என்று எண்ணி அடித்தால், அந்த உணவின் மீது வெறுப்புத்தான் வளரும்.

“உணவை வீணாக்குவது பாவமாயிற்றே, அதனால்தான் ஊட்டுகிறேன்” என்று சில தாய்மார்கள் கூறுவார்கள். வீண்விரயம் கூடாது என்பது உண்மையே. அதற்கு வழி, நிறையப் பரிமாறித் திணிப்பதல்ல. கொஞ்சமாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் வைப்பதாகும். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உம்மாவின் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் வயிறு சொல்லட்டும்.

மூன்றாம் பாடம்: அன்பினால் வரும் விருப்பம்

பத்து வயதில் நபி (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர் அனஸ் (ரலி). ஒரு தையற்காரர் அளித்த விருந்துக்கு அவரும் உடன் சென்றார். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட குழம்பும் வைக்கப்பட்டன. நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) கண்டார். அன்று முதல் தாமும் சுரைக்காயை விரும்பலானதாக அவரே கூறுகிறார். ‘சாப்பிடு’ என்ற கட்டளை இல்லை, மிரட்டல் இல்லை. நேசிப்பவர் விரும்பி உண்பதைக் கண்டதே போதுமாயிருந்தது!

ஆகவே, பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து அதே கீரையை நீங்கள் ருசித்து உண்ணுங்கள். நகத்தளவு மட்டும் அதன் தட்டில் வையுங்கள். தொடாவிட்டால் பேசாமல் விட்டு, சில நாள் கழித்து மீண்டும் வையுங்கள். ஓர் உணவு பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

1. சாப்பாட்டுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் பிஸ்கட், தேநீர், பால் கொடுக்காதீர்கள். பசியே நல்ல தொடுகறி.

2. பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். ஆனால் அது உண்ணக்கூடிய ஒன்றாவது சுப்ராவில் இருக்கட்டும்.

3. “கீரை தின்றால் மிட்டாய்” என்று பேரம் பேசாதீர்கள். மிட்டாய் பரிசாகவும் கீரை தண்டனையாகவும் ஆகிவிடும்.

4. முருங்கைக்கீரை ஆயும்போது பிள்ளையையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். தன் கை பட்ட உணவை அது எளிதில் ஏற்கும்.

5. அரை மணி நேரத்தில் கோபமின்றித் தட்டை எடுத்துவிடுங்கள்.

எடை கூடாமலோ குறைந்துகொண்டோ வந்தால், முகம் வெளிறினால், மண் தின்றால், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால் அதை வெறும் அடம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உமர் பின் அபீ ஸலமா (ரலி) சிறுவராயிருந்தபோது அவருடைய கை தட்டெங்கும் அலைந்தது. நபி (ஸல்) அவர்கள் அடிக்கவில்லை; பிஸ்மி சொல்லி, வலக்கையால், தன் பக்கத்திலிருப்பதை உண்ணுமாறு இதமாகச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் உண்ணும் முறை அவ்வாறே அமைந்தது. ஒரு சொல் ஆயுளுக்கும் நிலைத்தது!

நம் பிள்ளைகளுக்கு சுப்ரா அழுகையின் இடமாக அல்லாமல் அன்பின் இடமாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.