கறுப்பு உடைக்கு எத்தனை புள்ளி?

சம புள்ளிக்குச் சேர்த்த சாமுராய் அணியும் நிஞ்சா அணியும் மோதினால் யார் கை ஓங்கும்? மேசைப்போர் ஆடுகிறவர்களிடையே இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை. ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவில் வரும் பொம்மைகளை ஆடுகிறவர்களே வண்ணம் தீட்டி, மேசையில் பரப்பி, அளவுநாடா பிடித்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையைத் தீர்க்கிறார்கள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. சாமுராய்க்குக் கவசமும் வெட்டும் பலம். நிஞ்சாவுக்கு வேகமும் மறைவும். கணக்கு என்னவோ சமமாகத்தான் வருகிறது. ஆனால் வழக்கின் அடிப்படையே தவறு.

புஷிடோ போன்ற ஆட்டங்களை இதில் இழுக்க வேண்டாம். அவை கற்பனைத் தீவுகளில் நடப்பவை, அங்கே பூதமும் படையில் சேரும். 16ஆம் நூற்றாண்டு ஜப்பான் என்று சொல்லிக்கொண்டு வரும் படைப்பட்டியல்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

நம்பிக்கை: சாமுராயும் நிஞ்சாவும் இரண்டு எதிரெதிர் கூட்டங்கள்.

நிஞ்சா என்றதும் சொல்லப்படும் ஊர்கள் இகாவும் கோகாவும். இகா, இன்றைய மியெ மாநிலத்தின் மலைப்பகுதி. கோகா, அதை ஒட்டிய ஷிகா மாநிலத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் இகாவில் பெரிய பிரபு யாரும் நிலைக்கவில்லை. சிறு நிலம், சிறு மண்கோட்டை, இடுப்பில் வாள், குடும்பப் பெயர் என்று வாழ்ந்த குட்டிச் சாமுராய்கள் கூடிப் பேசி ஊரை ஆண்டார்கள். உளவு பார்ப்பது, இரவில் கோட்டைக்குள் நுழைவது, தீ வைப்பது ஆகியவற்றில் அவர்களில் சிலர் கைதேர்ந்தவர்கள். வெளியூர்ப் பிரபுக்கள் கூலி கொடுத்து அழைத்துக்கொண்டார்கள். நிஞ்சா என்பது ஒரு வேலை, சாதியோ சேனையோ அல்ல. அந்த வேலையைச் சாமுராயும் செய்தான், கீழ்நிலைக் காலாளும் செய்தான்.

1579இல் ஓடா நோபுனாகாவின் மகன் நோபுகாட்சு இகாவுக்குள் புகுந்து அடிபட்டுத் திரும்பினான். 1581இல் நோபுனாகாவே பல திசைகளிலிருந்தும் பெரும்படை அனுப்பி அந்த நாட்டைச் சாம்பலாக்கினார். 'சாமுராய் – நிஞ்சா போர்' என்று ஆட்டக்காரர்கள் மேசையில் அமைக்கும் காட்சி பெரும்பாலும் இதுதான். உண்மையில் அது பெரிய பிரபு சிறிய சாமுராய்களை நசுக்கிய கதை.

ஹத்தோரி ஹன்சோ பொம்மையைப் பாருங்கள். விற்பனைக்கு வரும் ஹன்சோக்களில் பலர் முகமூடியோடு பதுங்குகிறார்கள். அசல் ஹன்சோவின் தந்தை இகாக்காரர், மகன் பிறந்ததோ மிகாவாவில். தொகுகவா இயெயாசுவின் கீழ் ஈட்டிச் சண்டையில் பேரெடுத்த படைத்தலைவர் அவர். அவருடையது என்று சொல்லப்படும் ஈட்டி, சேதமடைந்த நிலையில் தோக்கியோவின் சைனென்ஜி கோயிலில் இருக்கிறது. 1582இல் நோபுனாகா கொல்லப்பட்டபோது அவருடைய கூட்டாளியான இயெயாசு உயிர் தப்பி இகா மலைவழியாக ஊர் திரும்பினார். அந்தப் பயணத்துக்கு உதவிய இகாக்காரர்கள் பின்னர் அவருடைய படையில் சேர்ந்தார்கள்.

சேர்ந்து என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எடோ (இன்றைய தோக்கியோ) கோட்டையின் உள்வாயில் ஒன்றைக் காக்க நான்கு துப்பாக்கிக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 20 அதிகாரிகள், 100 காவலர்கள். அவற்றில் ஒன்று இகா குழு, இன்னொன்று கோகா குழு. அவர்கள் இருந்த நீளமான காவல்கூடம் இன்றும் நிற்கிறது, பார்த்துவிட்டு வரலாம். ஆக, இகாக்காரர்களை வரலாற்றுப்படி ஓர் அணியாகக் களமிறக்க வேண்டுமென்றால், அவர்கள் கையில் திரித் துப்பாக்கியும் முகத்தில் காவல்காரனின் சலிப்பும் இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹன்சோவின் மகன் தங்களை வீட்டு வேலையாட்கள்போல் நடத்துகிறான் என்று பொருமி, இந்த இகா காவலர்கள் ஒரு கோயிலுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மகனின் பதவி போயிற்று. நிஞ்சாக்களின் வேலைநிறுத்தத்துக்கு எந்த விதிப்புத்தகத்திலும் பகடை கிடையாது.

நம்பிக்கை: நிஞ்சா என்றால் தலை முதல் கால் வரை கறுப்பு.

வேவு பார்க்கப் போகிறவன் 'நான் வேவுக்காரன்' என்று அறிவிக்கும் உடையில் போவானா? 1681இல் எழுதப்பட்ட ஷோனின்கி என்ற கையேடு சொல்லும் வேடங்கள் வேறு: புல்லாங்குழல் ஊதும் துறவி, மலைத்துறவி, வணிகர், வித்தை காட்டுபவர், சாதாரண ஊர்க்காரர். 1676இல் தொகுக்கப்பட்ட பன்சென்ஷூகாயில் ஒரு கதை வருகிறது. எதிரியின் குலச்சின்னம் பொறித்த விளக்கு ஒன்றைத் திருடி, அதைப் பார்த்து அதேபோல் பல விளக்குகள் செய்து, சொந்தப் படைபோலக் கோட்டை வாயிலில் நுழைந்து உள்ளே தீ வைக்கிறார்கள். கயிறும் இல்லை, கூரைத் தாவலும் இல்லை. கறுப்பு உருவம் ஓவியத்தில் நிலைபெற்றது அமைதிக் காலத்தில். கயிற்றில் ஏறும் கறுப்பு மனிதனை ஹொகுசாய் வரைந்து வெளியிட்டது 1817இல். அதற்குள் கடைசிப் பெரும்போர் முடிந்து இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

நேரான நிஞ்சா வாளையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம். பழைய காலத்து அசல் என்று காட்ட ஒன்றுகூட இல்லை. எறிமுனைகளோ சாமுராய்ப் பயிற்சிப் பள்ளிகளிலும் கற்றுத்தரப்பட்டவை. அவற்றை நிஞ்சாவுக்கு மட்டும் எழுதிவைப்பது அநியாயம்.

நம்பிக்கை: சாமுராயின் ஆயுதம் வாள்; வாளெடுத்தவன் வழியில் நிற்கக் கூடாது.

தொடக்கத்தில் சாமுராய் குதிரைமீது அமர்ந்த வில்லாளி. பிறகு ஈட்டி வந்தது. 1543இல் தனேகஷிமா தீவில் போர்த்துக்கீசியத் துப்பாக்கி வந்து இறங்கிய சில பத்தாண்டுகளில், 1575இல் நாகஷினோவில், வேலிக்குப் பின்னால் நின்ற துப்பாக்கிக்காரர்கள் தகேதா படையை உடைத்தார்கள். வாள் இடுப்பில் இருந்தது. நெருங்கிய பிறகு அதற்கு வேலை வந்தது, தலை வெட்டவும் உதவியது. மேசையில் மட்டும் நீள ஈட்டிக்காரனைவிட வாள்காரனுக்குப் பகடை அதிகம்.

படையின் பெரும்பகுதி சாமுராயே அல்ல, அஷிகாரு என்னும் காலாட்கள். இந்த விஷயத்தில் 2017இல் வந்த டெஸ்ட் ஆஃப் ஆனர் என்ற ஆட்டத்தைப் பாராட்டலாம். அதில் சாமுராய் ஒவ்வொருவரும் தனியாக நிற்க, காலாட்கள் மூன்று மூன்று பேராக ஒரே தளத்தில், அதாவது ஒரே அடித்தட்டில், வந்தார்கள். அந்தஸ்து வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது.

நம்பிக்கை: சாமுராய் நேர்மையாகப் போரிடுவான், வஞ்சகம் நிஞ்சாவின் சொத்து.

பல ஆட்டங்களில் சாமுராய்க்கு 'மானம்' என்று ஒரு தனிப் புள்ளி உண்டு. பின்னாலிருந்து தாக்கினால் குறையும். 1600இல் செகிகஹாராவில் கொபயாகவா ஹிதேயாகிக்கு இப்படி யாராவது புள்ளி குறைத்திருந்தால் ஜப்பான் வரலாறே மாறியிருக்கும். மலைச்சரிவில் படையோடு நின்று வேடிக்கை பார்த்தவர், நடுப்போரில் தன் பக்கத்தின்மீதே பாய்ந்து இயெயாசுவை வெற்றிபெற வைத்தார். 1555இல் மோரி மோட்டோனாரி புயலோடு புயலாகக் கடலைக் கடந்து மியாஜிமா தீவில் எதிரியை விடியலில் மடக்கினார். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லவில்லை, மதிநுட்பம் என்றுதான் கொண்டாடினார்கள். மானமே உயிர் என்ற சாமுராயை உலகத்துக்கு அறிமுகம் செய்ததில் பெரும்பங்கு நிதோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதிய புஷிடோ நூலுக்கு. அது வெளிவந்தபோது சாமுராய் என்ற வகுப்பே சட்டப்படி ஒழிந்துபோயிருந்தது.

நம்பிக்கை: நிஞ்சாக்கள் அணியாகக் களத்தில் இறங்கி மோதுவார்கள்.

1986இல் மில்டன் பிராட்லி வெளியிட்ட ஷோகன் பலகை ஆட்டம் இதைச் சரியாகப் பிடித்தது என்பது என் கருத்து. அதில் நிஞ்சா ஒரே ஒரு காய். ஒவ்வொரு சுற்றிலும் மறைவாக ஏலம் கேட்க வேண்டும். அதிகம் கொடுத்தவருக்கு அந்தச் சுற்றில் அவன் ஊழியம். எந்தப் பக்கத்துக்கும் நிரந்தரமாகச் சொந்தமில்லை.

1638இல் ஷிமபாரா கிளர்ச்சியின்போது ஹாரா கோட்டையை முற்றுகையிட்ட அரசுப் படை, கோகாவிலிருந்து சிலரை வரவழைத்தது. அவர்கள் வாளைச் சுழற்றவில்லை. இரவில் ஊர்ந்து போய் அகழியின் ஆழத்தையும் மதிலின் உயரத்தையும் பார்த்துச் சொன்னார்கள், உணவு மூட்டைகளைத் திருடினார்கள். ஒரு முறை உள்ளே போய்க் கொடி ஒன்றைப் பறித்துக்கொண்டு, கல்லடி வாங்கித் திரும்பினார்கள். கோட்டைக்குள் கலந்து வாழ முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் பேசிய கியூஷூ பேச்சு வழக்கு அவர்களுக்குப் புரியவில்லை, கிறிஸ்தவ ஜெபமும் தெரியவில்லை.

இந்த மறைமுக வேலையை மேசைக்குக் கொண்டுவருவது கடினமல்ல. நிஞ்சாவுக்குத் தனிப் பொம்மை வைக்காதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன், எதிராளியின் காலாட்களில் எந்தத் தளம் உங்களுடையது என்று துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் பிரித்துக் காட்டலாம். அந்தத் தளம் நிற்கும் இடத்தில் வெடிமருந்துக் கிடங்கு எரியும், அல்லது கொடி காணாமல் போகும். எதிராளி சந்தேகப்பட்டுத் தன் ஆளையே தவறாக வெட்டினால் மூன்று பேர் நஷ்டம், அது அவர் பாடு.