நிலவறைக்கு அடியில் ஒரு வீடு

அன்புள்ள இளவேனிலுக்கு,

மாமூத் எலும்பால் வீடு கட்டினார்களா, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். அந்த வீடு கிடைத்த ஊரின் நிலத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நிலம் புரிந்தால்தான் வீடு புரியும்.

நடு உக்ரைனில், செர்காசி மாகாணத்தில், ரோஸ் ஆறும் ரோசாவா ஆறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது மெஜிரிச் என்ற சிற்றூர். ரோஸ் அங்கிருந்து போய் தினிப்ரோ ஆற்றில் கலக்கிறது. மேலே வளமான கருமண். அதற்குக் கீழே மாவுபோல் நைசான வெளிர்மஞ்சள் வண்டல். பனியுகத்துக் காற்று வாரிவந்து கொட்டிய தூசி அது. வெட்ட எளிது, வெட்டிய சுவர் சரியாமல் நிற்கும். உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் புளிக்கவைத்த முட்டைக்கோசும் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டுமே, அதற்காக அங்கே வீட்டையொட்டி நிலவறை தோண்டுவது வழக்கம்.

1965இல் ஒரு விவசாயி தம் நிலவறையைப் பெரிதாக்கத் தோண்டினார். ஏறக்குறைய 2 மீட்டர் ஆழத்தில் மண்வெட்டி ஒரு மாமூத்தின் கீழ்த்தாடையில் இடித்தது. கீவிலிருந்து தொல்விலங்கியல் அறிஞர் இவான் பிடோப்லிச்கோ வந்து அகழ்ந்தார். அங்கே மொத்தம் 4 எலும்பு வீடுகள் தெரியவந்தன. வயது 15,000 ஆண்டுகளுக்குக் குறையாது.

முதல் வீட்டை மட்டும் கொஞ்சம் நின்று பார். வட்டமான வீடு, குறுக்களவு 5 மீட்டர் இருக்கும். வெளிச்சுவரில் 95 மாமூத்களின் கீழ்த்தாடைகள். முகவாய் கீழே பார்க்க, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கியிருக்கிறார்கள். செங்காவியால் கோடும் புள்ளியும் இட்ட மாமூத் மண்டையோடு ஒன்றும் கிடைத்தது. குளிரில் உயிரைக் காக்கக் கட்டிய இடத்திலும் அழகு பார்த்தவர்கள் அவர்கள். எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை.

எலும்பு ஏன்? அன்று அந்தப் புல்வெளியில் மரம் அரிது. அடுப்பெரிக்கக்கூட எலும்புதான். வீடுகளைச் சுற்றி அதே வண்டலில் குழி வெட்டி இறைச்சியைச் சேமித்தார்கள். உறைந்த நிலம் அதைக் கெடாமல் காத்தது.

பிந்தைய வரலாறும் அந்த ஆற்றங்கரைக்கு உண்டு. 1032இல் கீவின் அரசர் யாரோஸ்லாவ் புல்வெளிக் குதிரைவீரர்களைத் தடுக்க ரோஸ் நெடுகக் கோட்டையூர்கள் அமைத்தார். 1932-33இல் ஸ்டாலின் ஆட்சி தானியத்தைப் பறித்ததால் வந்த பெரும்பஞ்சம், உலகின் மிக வளமான மண்களில் ஒன்றின்மேல் வாழ்ந்த மக்களைப் பட்டினியால் கொன்றது. அதைத் தனியே ஒரு கடிதத்தில் எழுதுகிறேன். இரண்டு வரியில் சொல்லக் கூடாத விஷயம்.

எலும்பு வீடுகளுக்கே திரும்புவோம். இத்தனை மாமூத்களையும் வேட்டையாடிக் கொன்றார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. சில எலும்புகளில் ஊனுண்ணிகள் கடித்த தடம் இருக்கிறது. எப்போதோ செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கிவந்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. உனக்கு என்ன தோன்றுகிறது, காரணத்தோடு எழுது.

அன்புடன்,
மாமா