புதிய நூல்கள் நான்கு

பரீட்சையிற் சித்தியெய்தியதும் புத்தகங்களைக் கட்டி மூலையில் வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பாடநூல் பரீட்சைக்கு, பரீட்சை உத்தியோகத்துக்கு, உத்தியோகம் கிடைத்தபின் நூல் எதற்கு என்பது பலரது எண்ணம். ஆயின், நாம் கற்றவை நாம் கற்ற நிலையிலேயே நின்றுவிடுவதில்லை. ஆகவே வரலாறு, விஞ்ஞானம், அரசியல், அறவியல் ஆகிய துறைகளில் அண்மைக்காலத்தில் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல்கள் நான்கினை ஈண்டு எடுத்து நோக்குவோம். துறைகள் வேறாயினும், உறுதியென நாம் கொண்டவற்றை மீண்டும் ஆராயுமாறு நான்கும் நம்மைத் தூண்டுகின்றன.

முதலாவது வரலாறு. இலங்கையிற் பிறந்து கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியரான சுஜித் சிவசுந்தரம், தென்கடல்களின் அலைகளைத் தலைப்பாகக் கொண்ட நூலொன்றை 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது அடுத்த ஆண்டிற் பிரித்தானிய அக்கடமியின் நூற்பரிசைப் பெற்றது. புரட்சிகளின் காலம் என்றதும் 1776ஆம் ஆண்டின் அமெரிக்காவும் 1789ஆம் ஆண்டின் பிரான்சுமே நம் நினைவுக்கு வரும். இந்து சமுத்திரத்திலும் பசிபிக் சமுத்திரத்திலும் வாழ்ந்த மக்களும் அக்காலத்தில் தத்தம் வழியில் அரசியல் மாற்றத்தை நாடினர் என்றும், அவ்வெழுச்சிகளை அடக்கிய எதிர்ப்புரட்சியாகவே பிரித்தானியப் பேரரசு வளர்ந்தது என்றும் இவ்வாசிரியர் காட்டுகின்றார். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்ததை நாம் ஓர் உள்நாட்டு நிகழ்ச்சியாகவே மனனஞ் செய்தோம். இப்பரந்த கடற்பரப்பில் வைத்து நோக்குமிடத்து அதன் பொருள் விரிகின்றது. நாம் நிற்கும் இடம் மாறினால் வரலாற்றின் நடுவும் ஓரமும் மாறும்.

இரண்டாவது விஞ்ஞானம். விஞ்ஞானத்தை ஏன் நம்பவேண்டும் என்னும் வினாவையே தலைப்பாக்கி, அமெரிக்க விஞ்ஞான வரலாற்றறிஞர் நேயோமி ஒரெஸ்கஸ் 2019இல் ஒரு நூல் தந்தார். விஞ்ஞானிகள் தவறார் என்பதன்று அவர் விடை. உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என 1873இல் எட்வேட் கிளாக் என்னும் அமெரிக்க மருத்துவர் விஞ்ஞானத்தின் பெயரால் வாதித்தார். மேரி பற்னம் யக்கோபி என்னும் பெண் மருத்துவர் சான்றுகள் திரட்டி அதனை மறுத்தார். பல்வேறு பின்னணியினர் ஒருவர் முடிபை மற்றவர் சோதித்து, இறுதியில் எய்தும் உடன்பாடே நம்பிக்கைக்கு உரியது என்பது ஆசிரியர் கொள்கை. நமது ஆய்வுகூடத்திற் பெறுபேறு பாடநூலிலுள்ள எண்ணோடு பொருந்தாதபொழுது, பாடநூலின் எண்ணையே குறிப்பேட்டில் எழுதித் தப்பியவர் எத்தனைபேர்! அன்று நாம் கற்கத் தவறிய பாடத்தை இந்நூல் கற்பிக்கின்றது.

மூன்றாவது அரசியல். ஹாவாட் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஸ்டீவன் லெவிற்ஸ்கியும் டானியல் சிப்ளாற்றும் 2018இல் எழுதிய நூல், சனநாயகங்கள் எவ்வாறு இறக்கின்றன என ஆராய்கின்றது. முன்னர்ப் பெரும்பாலும் படையினரின் துப்பாக்கி சனநாயகத்தைக் கொன்றது. அண்மைக்காலத்திலோ, வாக்குகளாற் பதவிக்கு வந்தவரே அதனைச் சிறிது சிறிதாகச் சிதைத்தல் பெருகியுள்ளது. 1998இல் வெனிசுவேலாவில் நடந்த தேர்தலிற் சாவேஸ் வென்றதன் பின் நிகழ்ந்தவை இதற்கு ஓர் உதாரணம். சனநாயகத்தைக் காப்பதற்கு எழுதிய யாப்பு மாத்திரம் போதாது. எதிர்க்கட்சியினரைப் பகைவராகக் கருதாமை, சட்டம் இடங்கொடுப்பினும் அதிகாரத்தை எல்லைவரை பயன்படுத்தாமை என்னும் எழுதாத நெறிகள் இரண்டும் வேண்டும் என்பர் ஆசிரியர்கள். விவாத அரங்கில் எதிரணித் தலைவரை மதிப்புடன் விளித்தே மறுக்கப் பழகிய நமக்கு இதன் அருமை விளங்கும்.

நான்காவது அறவியல். தகுதியின் கொடுங்கோன்மை என்னும் பொருள்படும் தலைப்பில் மைக்கேல் சண்டெல் 2020இல் வெளியிட்ட நூல் நம்மை மிக அணுகித் தொடுகின்றது. வென்றவன் தன் வெற்றி முழுவதும் தன் முயற்சியின் பயனே எனச் செருக்குறுகிறான், தோற்றவனோ தன் தாழ்வுக்குத் தானே பொறுப்பெனக் குன்றுகிறான் என்கின்றார் அவர்.

இதனைப் படிக்கும் நம்மவர் உடனே மறுப்புரைத்தல் இயல்பு. 1970களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபொழுது, உயர்ந்த புள்ளிகள் பெற்ற தமிழ் மாணவர் பலர் மருத்துவ, பொறியியற் பீடங்களின் வாயிலில் நின்று திரும்பினர். அவர்களுக்குத் தகுதி என்னும் சொல்லே கேடயமாயிற்று. அக்கேடயத்தை நாம் எறிந்துவிட வேண்டியதில்லை. திறமை நோக்கித் தெரிதலைச் சண்டெல் பழிக்கவுமில்லை, தெரியப்பட்டவனின் செருக்கையே பழிக்கின்றார். நம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்து, வீட்டு வறுமையால் இடையில் விலகித் தோட்டஞ் செய்யச் சென்ற நண்பன் நம்மினும் அறிவிற் குறைந்தவனா? 1945இல் வந்த இலவசக் கல்வி இல்லையாயின் நம்முட் பலர் எங்கே இருந்திருப்போம்? அநீதிக்கு எதிராகத் தகுதியை எடுத்துரைத்தலும், அத்தகுதி பலரது உழைப்பாலும் நமக்கு வாய்த்தது என உணர்தலும் ஒருங்கே இருத்தற்குரியன.

இந்நான்கு நூல்களிலும் கூறப்பட்ட அனைத்தையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஐயுற்று வினாவுதலே அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை. யூபிலி விழாவுக்கு வரும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரி நூல்நிலையத்துக்குப் புதிய நூல் ஒன்று கொண்டுவருவாராக. அதற்குமுன் தாமே அதனைப் படித்து, எழுந்த ஐயங்களை ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்பாராக. அடுத்துப் படிக்கும் மாணவன் அத்தாளின் மறுபக்கத்தில் தன் விடையை எழுதட்டும்.